மனிதரைக் குறை கூறுமுன் அமைப்பைப் பாருங்கள்

நிறுவன உளவியல், சமூக உளவியல் மேற்படிப்பு: ஒரு விளக்கம்

(ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில் நடைபெற்ற மேற்படிப்பு வழிகாட்டல் நிகழ்ச்சியில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன் பேசிய சகோதரர்கள் பொறியியல், மருத்துவம், கணக்குத் தணிக்கை ஆகிய துறைகளைப் பற்றி அழகாக விளக்கினார்கள். அத்துறைகளின் பெயரைச் சொன்னாலே அதைப் படித்தவர் என்ன வேலை செய்வார் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. எனக்குக் கல்விக் குழுவினர் அளித்த தலைப்போ அத்தகையது அன்று. நிறுவன உளவியல், சமூக உளவியல் ஆகியவற்றை முதுநிலையில் படிப்பது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளார்கள்.

நான் மதரஸாவில் ஓதியவன். இத்துறையில் பட்டம் பெற்றவன் அல்லன். எனினும் அண்மைக் காலமாக நம் மஹல்லாவின் பிள்ளைகள் சிலர் உளவியலில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு, மேற்கொண்டு இதைப் படிக்க விரும்புகின்றனர். அவர்களுடைய பெற்றோர் ஜும்ஆவுக்குப் பின் என்னிடம் வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதாம். "ஹஜ்ரத், இது மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் படிப்பா? இதற்கு வேலை உண்டா? இதற்காக இத்தனை இலட்சம் செலவிடலாமா?" கேட்போருக்குத் தெளிவான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இத்துறை நூல்களைத் தேடிப் படித்தேன். அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

எதைப் பற்றிய அறிவு?

முதலில் ஓர் ஐயத்தைக் களைந்துவிடுவோம். இது நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் படிப்பு அன்று. முகத்தைப் பார்த்து மனத்தைச் சொல்லும் வித்தையும் அன்று. நலமாக உள்ள சாதாரண மனிதர்கள், பலரோடு சேர்ந்திருக்கும்போது எவ்வாறு எண்ணுகிறார்கள், எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய்வது சமூக உளவியல். அதே மனிதர்கள் ஆலையிலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் சேர்ந்து பணியாற்றும்போது நிகழ்வனவற்றை ஆராய்வது நிறுவன உளவியல்.

1951-இல் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்னும் பேராசிரியர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமான கோடு எது என்று சொல்ல வேண்டும். சிறு பிள்ளையும் சொல்லிவிடக் கூடிய விடைதான். ஆனால் அறையில் இருந்தோரில் ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும், வேண்டுமென்றே தவறான விடையைச் சொல்லுமாறு முன்கூட்டியே பணிக்கப்பட்டவர்கள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தவறான விடையைக் கூறிய பின், உண்மையறியாத அந்த ஒருவர் என்ன சொன்னார்? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகளில் அவரும் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொன்னார். நான்கில் மூன்று பேர் ஒருமுறையேனும் அவ்வாறு இணங்கினர். தம் கண்ணால் கண்டதையே மாற்றிச் சொன்னார்கள்!

இந்த ஆய்வின் மற்றொரு பகுதியை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். அறையில் வேறொரே ஒருவர் மட்டும் சரியான விடையைச் சொல்லும்படி ஏற்பாடு செய்தபோது, கூட்டத்துக்கு இணங்கிய தவறுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. துணைக்கு ஒரே ஒரு குரல் இருந்தால் போதும். மனிதன் தான் கண்டதைச் சொல்லத் துணிகிறான். மஷ்வராவுக்கு அமரும் நம் அனைவருக்கும் இதில் பாடம் உண்டு. கூட்டத்தில் எவரும் மறுக்கவில்லை என்பதனால் மட்டும் அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று கருதிவிட முடியாது.

நம் நாட்டு மண்ணில் விளைந்தவை

இவை மேனாட்டார் விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். இத்துறையின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. 1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதன் பின் மக்களிடையே பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் இந்திய அறிஞர் திரட்டி, 1935-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். வியப்பு என்னவெனில், அந்த வதந்திகளுள் பல ஆறுதல் தருவனவாக இல்லை. இன்னும் பெரிய பேரழிவு வரப்போகிறது என்று அச்சமூட்டின. ஏற்கெனவே அஞ்சியிருக்கும் மக்கள் மேலும் அச்சமூட்டும் செய்தியை ஏன் நம்ப வேண்டும்?

இக்கேள்வியை அமெரிக்க அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் எடுத்துக்கொண்டார். அதிர்வை உணர்ந்தும் அழிவைக் காணாத மக்கள், தங்கள் உள்ளத்தில் எழுந்த அச்சத்துக்கு ஒரு காரணத்தைத் தேடினர். வதந்தி அந்தக் காரணத்தைத் தந்தது என்று அவர் கருதினார். அச்சிந்தனை வளர்ந்து 1957-இல் ஒரு கோட்பாட்டு நூலாக வந்தது. உள்ளத்தில் முரண்படும் இரு எண்ணங்களைப் பொருத்திக்கொள்ள மனிதன் படும் பாட்டை விளக்கும் அக்கோட்பாடு இன்று உலகெங்கும் பாடமாக உள்ளது. கைப்பேசியில் வந்த செய்தியை ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிடும் இக்காலத்தில், 1934-ஆம் ஆண்டின் அந்த ஆய்வு பழையதாகிவிடவில்லை.

அடுத்து அகமதாபாத். நெசவும் தறியும் அறிந்த குடும்பங்கள் இங்கே பல உள்ளன. அவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கிருந்த காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளை நிறுவினார்கள். புதிய இயந்திரங்கள் வந்தும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. துணியில் பழுதும் மிகுந்திருந்தது. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே.ரைஸ் என்னும் ஆய்வாளர் வந்து பார்த்தார். 224 தறிகள்; 28 தொழிலாளர்கள்; அவர்களுக்குள் 12 வகையான தனித்தனி வேலைகள். ஒருவர் கவனிக்கும் தறிகளும் மற்றொருவர் கவனிக்கும் தறிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எனவே எந்தத் தறிக்கும் எவரும் முழுப் பொறுப்பாளியாக இல்லை. தவறு நேர்ந்தால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்ட இடமிருந்தது.

ரைஸ் புதிய இயந்திரம் எதையும் கேட்கவில்லை. எவரையும் வேலையிலிருந்து நீக்கச் சொல்லவுமில்லை. ஒரு குழு, அதற்கென ஒரு தொகுதித் தறிகள், அவற்றுக்கு அக்குழுவே முழுப் பொறுப்பு என்னும் ஏற்பாட்டை முன்வைத்தார். தொழிலாளர்கள் அதை உடனே ஏற்று, 7 பேர் கொண்ட குழுக்களைத் தாங்களே அமைத்துக்கொண்டனர். புதிய முறை பழகியபின் உற்பத்தி உயர்ந்தது, பழுது குறைந்தது. ஆட்கள் அவர்களே, தறிகளும் அவையே. மாறியது ஏற்பாடு ஒன்றுதான்.

இதன் தொடர்ச்சியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1970-இல் எரிக் மில்லர் என்னும் ஆய்வாளர் அதே ஆலைக்குச் சென்று பார்த்தபோது, ஓரிடத்தில் அக்குழு முறை சிதையாமல் நின்றிருந்தது. வேறிடங்களில் தேய்ந்து போயிருந்தது. நல்ல ஏற்பாட்டை ஒருமுறை செய்துவிட்டால் போதாது, அதைப் பேணியாக வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

இந்தப் படிப்பின் சாரம் எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: தவறு நிகழும்போது "யார் செய்தது?" என்று கேட்குமுன், "எந்த ஏற்பாடு இதற்கு இடம் கொடுத்தது?" என்று கேட்கப் பழக்குவதே இதன் பயன்.

மருத்துவமனை ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஏமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைச் செவிலியர் குழுக்களிடையே ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. 1996-இல் வெளியான முடிவோ நேர்மாறாக இருந்தது. நல்ல குழுக்களில்தாம் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது உண்மை தெரிந்தது. அக்குழுக்களில் தவறை மறைக்காமல் சொல்லும் துணிவு இருந்தது. ஏனைய இடங்களில் தண்டனைக்கு அஞ்சித் தவறுகள் புதைக்கப்பட்டன. புதைக்கப்பட்ட தவறு அடுத்த நோயாளிக்கும் நேரும். ஓர் உயிர் தப்புவதும் போவதும் பேசும் துணிவில் அடங்கியிருக்கிறது என்றால், இதைப் படிப்பது வீண் என்று எவர் சொல்ல முடியும்?

முதுநிலையில் படிப்பது என்ன?

எடுத்துக்காட்டாக ஒன்றைச் சொல்கிறேன். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் கல்வி நிலையத்தில் 1964-இல் ஹில்டே ஹிம்மல்வைட் அம்மையார் சமூக உளவியல் பேராசிரியராகப் பொறுப்பேற்று, அத்துறையை நிறுவினார். தொலைக்காட்சி குழந்தைகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதை 1950-களிலேயே விரிவாக ஆராய்ந்தவர் அவர். 2016-இல் அத்துறை உளவியல், நடத்தை அறிவியல் துறை எனப் பெயர் மாறியது. அங்கே நிறுவன உளவியலையும் சமூக உளவியலையும் இணைத்து ஓராண்டு முழுநேர முதுநிலைப் பட்டமாகக் கற்பிக்கின்றனர். கோட்பாடுகள் ஒரு பகுதி, ஆய்வு முறைகள் ஒரு பகுதி, விருப்பப் பாடங்கள் ஒரு பகுதி, இறுதியில் மாணவர் தாமே ஆராய்ந்து எழுதும் ஆய்வேடு என்பதே இத்தகைய படிப்புகளின் பொதுவான அமைப்பு. நம் நாட்டில் இது பெரும்பாலும் ஈராண்டுப் படிப்பு.

மாணவக் கண்மணிகளே, இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணக்குக்குப் பயந்து உளவியலுக்கு வருவோர் உண்டு. முதுநிலையில் புள்ளியியலைத் தவிர்க்கவே முடியாது. கருத்துக் கணிப்புப் படிவம் வரைவது, நேர்காணல் நடத்திப் பகுத்தாய்வது, கிடைத்த எண்களிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அறிவது ஆகியவையே இதன் முதுகெலும்பு. இவற்றில் தேர்ந்தவருக்கே பின்னர் வேலைச் சந்தையில் மதிப்பு.

இதற்குக் காரணமும் உண்டு. இத்துறை தன் பழைய முடிவுகளைத் தானே மீண்டும் சோதித்துத் திருத்திக்கொண்டு வருகிறது. சிகாகோ அருகே ஹாதோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளைக் கொண்டு, தம்மைக் கவனிக்கிறார்கள் என்று அறிந்தாலே தொழிலாளர் கூடுதலாக உழைப்பர் எனப் பல பாடநூல்கள் எழுதின. அங்கே நடந்த விளக்கொளிச் சோதனைகளின் மூலப் புள்ளிவிவரங்களை லெவிட், லிஸ்ட் என்னும் இரு பொருளியலறிஞர்கள் 2011-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, அக்கதை சொல்லப்பட்ட அளவுக்குச் சான்று அங்கே இல்லை எனக் கண்டனர். 2015-இல் உளவியல் ஆய்வுகள் 100-ஐ எடுத்து மீண்டும் நடத்திப் பார்த்தனர். 36 விழுக்காட்டில்தாம் முதலில் கிடைத்தது போன்ற தெளிவான முடிவு கிடைத்தது. இதைக் கேட்டு இத்துறையை இகழ்ந்துவிடலாகாது. அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராக நிறுத்துப் பார்த்துச் செய்தியை ஏற்கும் மரபில் ஓதிய எனக்கு, தன் கூற்றைத் தானே சோதிக்கும் இந்தப் பண்பு மதிக்கத் தக்கதாகவே தோன்றுகிறது. இப்படிப்பில் சேரும் பிள்ளையும் அந்தப் பண்போடு வெளியே வர வேண்டும்.

பட்டம் தருவதும் தராததும்

பெற்றோர்களே! இப்பகுதியைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். பெயரில் உளவியல் என்று இருப்பதனாலேயே ஏமாந்து போகும் வாய்ப்பு இங்கே உண்டு.

இப்பட்டம் பெற்றவர் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவ உளவியலர் ஆகிவிட முடியாது. நம் நாட்டில் அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த தனிப் பயிற்சியும் அம்மன்றத்தின் பதிவும் வேண்டும். பிரிட்டனிலோ, தொழில்சார் உளவியலர் என்னும் பெயரை 2009 முதல் சட்டம் பாதுகாக்கிறது. பதிவு பெற்றோர் மட்டுமே அப்பெயரைப் பயன்படுத்தலாம். அப்பதிவுக்கு ஒரு முதுநிலைப் பட்டம் மட்டும் போதாது. ஆகவே சேருமுன், "இப்படிப்பு எந்தப் பதிவுக்கு வழிவகுக்கும், எதற்கு வழிவகுக்காது?" என்று கல்வி நிலையத்திடமே எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள்.

தொலைதூரக் கல்வியில் படித்துவிடலாம் என்று எண்ணுவோருக்கும் ஒரு செய்தி. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைதூர, இணையவழி முறைகளில் புதிதாகச் சேர்க்கை நடத்திக் கற்பிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. வீட்டிலிருந்தே உளவியல் பட்டம் பெறலாம் என்று எவரேனும் முன்பணம் கேட்டால், மானியக் குழுவின் அறிவிப்பைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுத்துவிடாதீர்கள்.

பின் எந்த வேலைக்குத்தான் செல்லலாம்? நிறுவனங்களின் மனிதவளத் துறை, பணியாளர் தேர்வு, பயிற்சி, பணியிடப் பாதுகாப்பு, மக்கள் கருத்தாய்வு, தொண்டு நிறுவனங்களின் திட்ட மதிப்பீடு, கல்லூரி ஆசிரியப் பணி, முனைவர் ஆய்வு ஆகியவை கண்முன் உள்ள வழிகள். மருத்துவர் பட்டம் போல ஒரே பலகையை மாட்டிக்கொண்டு அமரும் தொழில் இது அன்று. மாணவர் தம் திறமையை ஆய்வேட்டின் மூலமும் களப்பயிற்சியின் மூலமும் காட்டி, இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். அந்த உழைப்புக்கு மனம் இசைவோர்க்கே இது ஏற்றது.

எங்கே படிப்பது? எவ்வளவு செலவிடுவது?

வெளிநாடு ஒன்றுதான் வழி என்று எண்ண வேண்டாம். இந்தியாவின் முதல் உளவியல் துறை 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943 முதல் அத்துறை உள்ளது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் உள்ளன. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் மனிதவளத்துக்கும் தொழிலாளர் உறவுக்கும் பேர்பெற்றது.

பிரிட்டன் செல்ல விரும்புவோர் சில உண்மைகளை அறிந்திருக்க வேண்டும். 2024 ஜனவரி முதல், பாடவழி முதுநிலைப் படிப்புக்குச் செல்வோர் தம் துணைவரையோ குழந்தைகளையோ சார்ந்தோர் விசாவில் உடனழைத்துச் செல்ல இயலாது. படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடும் அனுமதி பற்றிய விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஏஜெண்டு சொல்வதை விட்டுவிட்டு அந்நாட்டு அரசின் அறிவிப்பைப் பாருங்கள். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு மத்திய அரசு அளித்து வந்த படோ பர்தேஷ் வட்டி மானியமும் 2022–23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பிரிட்டன் அரசின் செவ்னிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு உண்டு. ஆனால் குறைந்தது ஈராண்டுப் பணி அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் ஈராண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும்.

எனவே என் பணிவான கருத்து இது. இளநிலை முடித்தவுடன் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வெளிநாடு செல்வதைக் காட்டிலும், ஈராண்டு ஏதேனும் ஒரு நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ பணியாற்றிவிட்டுச் செல்வது நன்று. உதவித்தொகைக்கும் வழி திறக்கும். வகுப்பில் கேட்பதை ஒப்பிட்டுப் பார்க்கச் சொந்த அனுபவமும் இருக்கும்.

இந்த அறிவு ஓர் அமானத்

இறுதியாக மாணவர்களுக்கு ஒரு சொல். மனிதரை இயக்கும் வழிகளை அறிந்தவன் அவர்களுக்கு நன்மையும் செய்யலாம். அவர்களைப் பிழிந்தெடுக்கவும் செய்யலாம். யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்தி 1963-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகாரி போல நின்றவர் சொன்னார் என்பதற்காக 40 பேரில் 26 பேர், அடுத்த அறையில் இருந்தவருக்கு 450 வோல்ட் வரை மின் அதிர்ச்சி கொடுக்கும் விசையை அழுத்தினர். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. அது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கொடியவர்களா? இல்லை, நம்மைப் போன்றவர்களே. அந்த ஆய்வே பங்கேற்றோரை வருத்தியது என்று கண்டனத்துக்கு உள்ளானது. இன்று மனிதரை வைத்து ஆராய முறையான ஒழுங்குக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்ற நிலை வலுப்பெற்றதில் இத்தகைய ஆய்வுகளுக்கும் பங்குண்டு. நாளை ஒரு நிறுவனம் உங்களிடம், "குறைந்த கூலியில் கூடுதல் வேலை வாங்க வழி சொல்" என்று கேட்கும் நாள் வரலாம். அன்று உங்கள் விடை என்ன என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குர்ட் லெவின் என்னும் அறிஞர், அமெரிக்க இல்லத்தரசிகள் விரும்பாத இதயம், சிறுநீரகம் போன்ற இறைச்சி வகைகளைச் சமைக்க வைக்க முயன்றார். ஒரு சாராருக்கு நல்ல சொற்பொழிவு ஆற்றப்பட்டது. மற்றொரு சாரார் தங்களுக்குள் கலந்து பேசி முடிவெடுக்குமாறு விடப்பட்டனர். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 விழுக்காட்டினர் சமைத்தார்கள். கலந்து பேசியவர்களில் 32 விழுக்காட்டினர். வாரந்தோறும் பயான் செய்யும் எனக்கு இந்தக் கணக்கு சற்றுக் கசப்பானதுதான். எனவே என் உரையோடு இதை விட்டுவிடாமல், வீட்டில் மகனையும் மகளையும் அருகில் அமர்த்திப் பேசுங்கள். இது எதைக் கற்பிக்கிறது, எந்தப் பதிவுக்கு வழி, மொத்தச் செலவு என்ன, படித்து முடித்து யாருக்குப் பயன்படப் போகிறாய் என்னும் நான்கு கேள்விகளையும் அவர்களிடம் கேளுங்கள். விடை தெளிவாக இருந்தால், பெயர் புதிதாக இருக்கிறதே என்பதற்காகத் தடுக்காதீர்கள். ஆஷ் அறிஞரின் அறையில் தனித்து நின்ற மனிதனுக்குத் துணைக்கு ஒரு குரல் போதுமானதாக இருந்தது. ஊரில் எவரும் படிக்காத துறையைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு குரல் தாயாகவோ தந்தையாகவோ இருக்கட்டும்.